அபர்மெலினில் ஜக்கெற் கொடுப்பார்கள்

எங்கள் ஊருக்குள் நுழையும் வீதியில், ஊர்ப் பெயரைத் தாங்கிய மஞ்சள் பலகைக்குக் கீழே இன்னொரு சிறிய பலகை இருக்கும். அதில் அபர்மெலின் என்ற பெயரும், சிறகு முளைத்த ஒரு சிவப்புப் பிராணியின் படமும் இருக்கும். அப்பா அதைப் பல வருடங்களாகப் பக்கத்துக் கிராமம் என்றே நினைத்திருந்தார். அவர் வேலை செய்த இத்தாலியச் சாப்பாட்டுக்கடைக்கு அங்கேயிருந்து ஒருநாளும் ஓர்டர் வந்ததில்லை. ஆகவே அது ஆட்கள் குறைந்த, அல்லது பீட்சா பிடிக்காத கிராமம் என்று முடிவுசெய்து வைத்திருந்தார்.

ஹனோவரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். பழைய மரச்சட்ட வீடுகள், ஒரு ஆறு, ஒரு சந்தை. நான் நாலாம் வகுப்புக்கு வந்தபோதுதான் பலகையின் மர்மம் தீர்ந்தது. அபர்மெலின் என்பது பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில், கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊராம். எங்கள் ஊருக்கு அது சகோதர நகரம். வருடத்துக்கு ஒருமுறை இங்கிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் அங்கே போவார்கள், அங்கிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் இங்கே வருவார்கள் என்று எங்கள் வகுப்பாசிரியை சொன்னார். அவரே இரண்டு தடவை போய் வந்தவர். மனிதர்களைப் போல ஊர்களுக்கும் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இரவில் படுத்திருந்து, எங்கள் இரண்டு ஊரில் எது மூத்தது என்று யோசித்தேன்.

அந்த வருடம் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு விடயத்தைப் பற்றி வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும். 'றெஃபராட்' என்பார்கள். பெரிய கடதாசியில் படங்களை ஒட்டி, எழுதி, விளக்க வேண்டும். மற்றவர்கள் குதிரை, எரிமலை, உதைபந்தாட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அபர்மெலினைக் கேட்டு வாங்கினேன்.

அது விளையாட்டுக் காரியம் அல்ல. ஜேர்மனியில் நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் வரை போகக்கூடியவர்கள் கிம்னாசியம் என்ற பள்ளிக்கூடத்துக்கு, மற்றவர்கள் வேறு பள்ளிக்கூடங்களுக்கு. யார் எங்கே என்று வகுப்பாசிரியை ஒரு சிபாரிசு எழுதுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவர் என்று ஒருவரும் இல்லை. அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்து, பிறகு புத்தகத்தைத் திறக்கவில்லை. என் விடயத்தில் ஆசிரியைக்கு இரண்டு மனம் இருந்தது. எழுத்து நல்லது, வாயைத் திறந்து பேசத்தான் பயப்படுகிறான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். இந்தப் பேச்சைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகவும் சொன்னார். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து சுவாமிப் படத்துக்கு ஒரு விளக்குக் கூடுதலாக எரிந்தது.

ஆசிரியை தந்த, அபர்மெலினின் படங்கள் அச்சிட்ட வண்ணத்தாளை நான் வீட்டில் விரித்தபோது, அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இது தம்பி நிக்கிற கோட்டையெல்லோ!"

எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பல வருடமாக ஒரு படம் சட்டம் போட்டு இருந்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு பழைய கோட்டைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கடுஞ்சிவப்பு ஜக்கெற், தோளில் இரண்டு வெள்ளைக் கோடு. வண்ணத்தாளில் இருந்ததும் அதே கோட்டை, அதே மூன்று கோபுரம். மாமா பிரித்தானியாவுக்குப் போன புதிதில் அந்த ஊரில்தான் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறார். அங்கிருந்து அனுப்பிய படங்கள் அம்மாவின் அல்பத்தில் இன்னும் இருந்தன. ஒன்றில் மாமா கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில். ஒன்றில் புகை கக்கும் குட்டி ரயிலுக்குப் பக்கத்தில். ஒன்றில் யாரோ ஒருவருடைய வெள்ளைக் காரில் சாய்ந்தபடி.

"நான் இஞ்சை கக்கூஸ் கழுவேக்கை இவர் ஊர் சுத்திக்கொண்டு திரிஞ்சவர்" என்று அம்மா சொன்னார். குரலில் பெருமை பாதி, பழைய கோபம் பாதி. ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.

எனக்கு அதிர்ஷ்டம் இரட்டிப்பானது. பிரித்தானியக் கடவுச்சீட்டுக் கிடைத்த கையோடு, அந்த மாதமே மாமா எங்களைப் பார்க்க லண்டனிலிருந்து வருவதாக இருந்தது. எரிமலையைப் பற்றிப் பேசப்போகிறவனுக்கு எரிமலைக்குள் இருந்த மாமா கிடையாது. எனக்கு இருந்தார்.

மாமா வந்தார். வந்த முதல் நாளே, வீதி விளக்கில் நிற்கும் பச்சை மனிதனுக்குச் சனி ஞாயிறுகளில் இரட்டைச் சம்பளம் என்று சொல்லி என்னை நம்பவைத்தார். அவர் வாயிலிருந்து வருவதில் எது பகிடி, எது உண்மை என்று பிரிப்பது கடினம். "அவன் சொல்லுறதை அரிதட்டிலை போட்டு அரிச்செடு" என்று அம்மா எனக்குச் சொல்லிவைத்தார். நான் அரிதட்டோடு தயாராக, சமையலறையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாமா அம்மாவுக்கு உதவியாக வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைப் பார்க்காமலே வெட்டுவார்.

"மாமா, அந்தக் கோட்டைக்குள்ளை என்ன இருக்கு?"

"உள்ளை நான் போகேல்லை மருமோன். கோட்டை வெளியிலையிருந்து பாத்தாத்தான் வடிவு. உள்ளை போனா எப்பிடித் தெரியும்?"

அதில் ஒரு நியாயம் இருந்தது.

"ஒருக்காக் கூடப் போகேல்லையோ?"

"வாசலிலை தொப்பியும் யூனிபோமும் போட்டு ஒராள் நிப்பார். அவரைக் கண்டா நான் மற்றப் பக்கத்தாலை சுத்திப் போடுவன்."

"ஏன்?"

"மரியாதை."

குட்டி ரயிலைப் பற்றிக் கேட்டேன். அது நிலக்கீழிலிருந்து சிலேட்டுக் கல் வெட்டி எடுத்த மலைக்குப் போகிறது என்று வண்ணத்தாளில் இருந்தது. அப்போது கக்கத்தில் பேப்பரோடு சமையலறைக்குள் வந்த அப்பா, தான் எழுதிப் பழகிய சிலேட்டும் அங்கிருந்துதான் வந்ததோ என்று ஆர்வமாகக் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது வேறு. ரயில் காலையில் முதல்தரம் ஊதும்போது ஊரில் வெங்காயம் எல்லாம் உரித்து முடிந்திருக்க வேண்டுமாம். இரண்டாம் தரம் ஊதும்போது இறைச்சி வெட்டி முடிந்திருக்க வேண்டுமாம். மிகவும் ஒழுங்கான ஊர் என்று நான் குறித்துக்கொண்டேன்.

"வேறை என்ன விசேசம் மாமா?"

"அங்கை மரக்கரண்டி செய்து விப்பினம். பிடியிலை பூ, இதயம், சங்கிலி எல்லாம் செதுக்கி. ஆனா அதாலை சமைக்க மாட்டினம். சுவரிலை தொங்கவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருப்பினம். பொடியள் பெட்டையளுக்குக் குடுக்கிறது."

இது அரிதட்டில் நின்றுவிட்டது. கரண்டியைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்க்கிற ஆட்கள் உலகத்தில் இருக்க முடியாது. நான் ஒன்பது வயதுக்காரனின் கெட்டித்தனத்தோடு சிரித்து, அதை விட்டுவிட்டேன்.

பிறகு அல்பத்தைத் திறந்தேன். ஒட்டுவதற்குப் படம் தேர்ந்தெடுக்கும்போதுதான் கவனித்தேன். எல்லாப் படத்திலும் ஒரே சிவப்பு ஜக்கெற். அதுகூடப் பரவாயில்லை. ரயிலுக்குப் பக்கத்தில் எடுத்த படம் இரண்டு இருந்தது. ஒன்றில் மாமா, ஆனால் முகம் மங்கலாக விழுந்திருந்தது. மற்றது தெளிவான படம். ஆனால் அதில் நின்றது மாமா இல்லை, தடித்த மீசை வைத்த வேறொருவர். அதே ஜக்கெற், அதே இரண்டு வெள்ளைக் கோடு.

"இது ஆர் மாமா? உங்கடை ஜக்கெற்றைப் போட்டிருக்கிறார்."

மாமா படத்தை வாங்கிப் பார்த்தார். வெங்காயக் கையாலேயே வாங்கினார். "அட, இவன்ரை படமும் மாறி வந்திட்டுதோ. இது அவன்ரை முறை."

"முறையெண்டா?"

கத்தி கொஞ்சம் நின்றது. பிறகு ஓடத் தொடங்கியது.

"அது சரியான காத்தடிக்கிற ஊர் மருமோன். பாக்க வாற ஆக்களுக்கு ஊரே ஒரு ஜக்கெற் குடுக்கும். போட்டுக்கொண்டு படம் எடுத்துப்போட்டுத் திருப்பிக் குடுக்க வேணும். அடுத்தாள் பாத்துக்கொண்டு நிப்பானெல்லோ?"

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நல்ல ஊர்தான் மச்சான்" என்றார். அம்மா அகப்பையோடு திரும்பி மாமாவைப் பார்த்தார். பருப்புக் கொதித்து வழிந்துவிட்டது.

ஊர்களுக்கே கூடப்பிறந்தவர்கள் இருக்கும்போது, ஊர் ஜக்கெற் கொடுப்பதில் என்ன ஆச்சரியம்? கையில் படமும் ஆதாரமாக இருந்தது. அது அரிதட்டின் துவாரம் வழியே சுகமாக விழுந்தது. மாமாவின் படங்களைச் சுற்றிவரவும் மீசைக்காரரின் படத்தை நடுவிலும் ஒட்டி, பக்கத்தில் என் அழகான எழுத்தில் எழுதினேன்: அபர்மெலினில், பார்க்க வருகிறவர்களுக்கு ஊர் ஒரு சிவப்பு ஜக்கெற் கொடுக்கும்.

பேச்சு நன்றாகத்தான் போனது. முதலில் குரல் நடுங்கியது. கோட்டை வந்ததும் நடுக்கம் நின்றது. கோட்டையை ஏன் வெளியே நின்று பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். வெங்காயத்தைச் சொன்னேன். ஜக்கெற்றைச் சொன்னதும், முன்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி கையை உயர்த்தினாள். படங்களில் இருப்பவர்களில் யார் உன் மாமா, ஏன் இரண்டு பேரும் ஒரே உடுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அதைத்தானே சொல்கிறேன், அது ஊரின் உடுப்பு என்றேன்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. ஆனால் தான் இரண்டு தடவையும் அங்கே மழையில் நனைந்ததாகவும், தனக்கு ஒருவரும் ஒரு ஜக்கெற்றும் தரவில்லை என்றும் சொன்னார். வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தது. பிறகு, ஒரு முக்கியமான விடயத்தை நான் விட்டுவிட்டதாகச் சொன்னார். அங்கே மரக்கரண்டிகள் செதுக்கி விற்பார்களாம். சமைப்பதற்கு அல்ல, சுவரில் தொங்கவிடுவதற்கு. அவர் வீட்டிலும் ஒன்று தொங்குகிறதாம்.

என் அரிதட்டு தலைகீழாகிவிட்டது. நம்ப முடியாது என்று நான் எறிந்த கரண்டி உண்மை. அப்படியென்றால் ஜக்கெற் எப்படிப் பொய்யாகும்? எழுந்து நின்று, என் மாமா அங்கே இருந்தவர், நீங்கள் போய் வந்தவர் மட்டும்தான் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். வாயைத் திறந்து பேசப் பயப்படுகிறவன் என்று பெயரெடுத்தவன் அன்று அளவுக்கு மிஞ்சித் திறந்துவிட்டேன்.

ஆசிரியை அந்த வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், ஆனால் இல்லாததை இருக்கிறது என்று அடித்துச் சொல்லக்கூடாது, கிம்னாசியத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார். மாமாவிடம் மறுபடி விசாரித்துவிட்டு வா, அதற்குப் பிறகு பேச்சுக்குப் புள்ளி போடுகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையில் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

"பகிடிக்கும் ஒரு அளவு வேணும் தம்பி" என்று அம்மா வெடித்தார். "பிள்ளையின்ரை படிப்பு விசயம். ரீச்சர் இவனைப் பொய்யன் எண்டெல்லோ நினைக்கப் போறா."

"அவன் பொய் சொல்லேல்லை அக்கா."

"அப்ப நீ?"

மாமா கொஞ்ச நேரம் கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "நாளைக்கு நான் வந்து ரீச்சரோடை கதைக்கிறன்" என்றார். எந்த மொழியில் என்று அப்பா கேட்டார். மாமாவுக்கு ஜேர்மன் மொழியில் நன்றி என்ற ஒரு சொல்தான் தெரியும். "இங்கிலிசிலை" என்றார் மாமா. "அத்தான், உங்கடை நல்ல ஜக்கெற் ஒண்டு இருந்தாத் தாங்கோ."

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, அப்பாவின் கறுப்பு ஜக்கெற்றில் மாமாவும், வேலையிலிருந்து நேரே வந்த அம்மாவும், நானும் வெறுமையான வகுப்பறைக்குள் போனோம். பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரைகளில் எல்லோரும் முழங்கால் உயர உட்கார்ந்தோம். மாமா மட்டும் ஆசிரியை இரண்டு தரம் சொல்லும்வரை உட்காரவில்லை.

மாமா ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். எனக்கு அப்போது ஆங்கிலத்தில் நிறங்களும் மிருகங்களும்தான் தெரியும். அவர் சொன்னதில் ஒரு மிருகமும் இல்லை. சிவப்பு மட்டும் இரண்டு தடவை வந்தது. எழுந்துபோய் என் கடதாசியில் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்காட்டினார். மீசைக்காரரின் படத்தில் விரல் அதிக நேரம் நின்றது. ஆசிரியை ஏதோ கேட்டார். மாமா கோட்டையின் வாசலைக் காட்டி, தலையில் தொப்பி போடுவதுபோலச் சைகை செய்து சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. அம்மாவுக்கு எட்டாம் வகுப்பு வரையான ஆங்கிலம் மிச்சம் இருந்தது. அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றியபடி, மாமாவைப் பார்க்காமல் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாமா சொன்னதை நான் வளர்ந்த பிறகு அம்மாவிடமிருந்து துண்டு துண்டாகத்தான் வாங்கினேன். அவர் அந்த ஊரில் உல்லாசப் பயணியாக இருக்கவில்லை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, கையில் ஒரு கடதாசியும் இல்லாமல், ஒரு சாப்பாட்டுக்கடையின் சமையலறைக்கு மேலே இருந்த அறையில் இன்னும் சில பொடியன்களோடு ஒளிந்து இருந்தார். யூனிபோம் எதைக் கண்டாலும், அது கோட்டையில் ரிக்கெற் கிழிப்பவருடையதாக இருந்தாலும், விலகிப் போனார்கள். கடை பூட்டியிருந்த ஒரு நாளில் ஒரு கமராவை இரவல் வாங்கினார்கள். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று வீட்டாருக்குக் காட்ட வேண்டும். நல்ல உடுப்பு என்று இருந்தது ஒன்றுதான். ஆகவே கோட்டைக்கு முன்னால் முறை வைத்து அதைப் போட்டார்கள், கழற்றினார்கள், அடுத்தவனிடம் கொடுத்தார்கள். பாலத்திலும் அப்படியே. ரயிலடியிலும் அப்படியே. ஒரே நாளில் எடுத்த படங்களை மாதத்துக்கு ஒன்றாக மாமா அம்மாவுக்கு அனுப்பினார்.

இதெல்லாம் பிற்பாடு. அன்று எனக்குத் தெரிந்தது, மாமா பேசி முடித்ததும் ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்பதும், மேசை லாச்சியைத் திறந்து அழிறப்பரை எடுத்தார் என்பதும்தான். கேள்விக்குறியை மெதுவாக, தாள் கசங்காமல் அழித்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஜேர்மன் மொழியில் சொன்னார்.

"இந்த வசனம் இப்படியே இருக்கட்டும்."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. மாமா வாதாடி வென்றுவிட்டார். அபர்மெலினில் ஜக்கெற் கொடுப்பது நிரூபணமாகிவிட்டது. ஆசிரியை போன இரண்டு தடவையும் யாரோ அதைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருப்பார்கள். அதுதான் அவருக்குக் கிடைக்கவில்லை. சில கிழமைகளுக்குப் பிறகு சிபாரிசு வந்தது. கிம்னாசியம் என்று எழுதியிருந்தது. பயமில்லாமல் பேசுகிறான் என்றும் எழுதியிருந்தது.

அன்று திரும்பி வரும்போது ஆற்றங்கரை வழியாக நடந்தோம். நல்ல வெயில், ஆனாலும் மாமா அப்பாவின் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. அம்மா அவருக்குப் பக்கத்தில், ஒரு கையால் அதன் நுனியைப் பிடித்தபடி நடந்தார். கூட்டத்தில் தொலைந்துவிடக்கூடாது என்று என்னை அப்படித்தான் பிடிப்பார். வீதியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அம்மா பாலத்தில் நின்று கேட்டார்.

"அது ஆரின்ரை ஜக்கெற்றடா?"

"தெரியாது அக்கா. நான் போகேக்கை அது அங்கை ஆணியிலை தொங்கினது. எனக்கு முதல் இருந்த ஆரோ விட்டிட்டுப் போனது."

"பேந்து நீ வரேக்கை?"

"நானும் விட்டிட்டு வந்தன்."

அம்மா முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோசம். ஒருவருக்கும் சொந்தமில்லாமல் ஆணியில் தொங்கி, வருகிற ஆளுக்கெல்லாம் கிடைக்கிற ஜக்கெற் என்றால், அது ஊரின் ஜக்கெற்தானே? நான் எழுதியது ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"மாமா, நான் பெரிசா வந்து அங்கை போனா எனக்கும் அதைக் குடுப்பினமோ?"

மாமா என் தலையில் கைவைத்தார். பகிடி சொல்லும்போது வருகிற சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"உனக்கு அது தேவைப்படாது மருமோன்."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. என் அளவில் அவர்களிடம் இல்லைப்போலும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.